பொதுப்பணிக்கு நிதியுதவி: விண்ணப்பத்திற்கு முன் ஆற்ற வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், நிதியாண்டு முடியச் சில நாட்களே எஞ்சியிருந்த வேளையில், பெங்களூருவின் ஒரு குடியிருப்புப் பகுதிச் சங்கத்தின் செயலாளர் நம் கிளைக்கு வந்தார். அப்பகுதிக் குழந்தைகளுக்கு மாடி அறையொன்றில் மாலைநேர வகுப்புகளை அவர் ஆறு ஆண்டுகளாக நடத்தி வந்தார். அருகிலிருந்த சிறு தொழிலகம் ஒன்று அவ்வகுப்புகளுக்கு நிதியுதவி அளிக்க முன்வந்து, சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் விவரத்தைக் கேட்டிருந்தது. அப்படியொரு கணக்கு இல்லை. வந்த நன்கொடை முழுவதும் செயலாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே வரவாகியிருந்தது. அவர் நாணயமானவர், ஒவ்வொரு ரூபாயையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ஆயினும் சங்கம் பதிவு பெறவில்லை. அதற்கெனப் பான் எண்ணும் இல்லை. எஞ்சிய நாட்களுக்குள் இவற்றை முடிக்க இயலவில்லை. அவ்வாண்டு அத்தொகை வேறோர் அமைப்பிற்குச் சென்றது.

நிதியுதவி நாடுவோர் பெரும்பாலும் விண்ணப்பத்தின் சொல்நயத்திலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். நிதி வழங்குவோரோ, தொகையைப் பெறுபவர் யார், செலவிற்குக் கையொப்பமிடுபவர் யார், கணக்கு ஒப்புவிப்பவர் யார் என்பவற்றையே முதலில் நோக்குகின்றனர். இம்மூன்றிற்கும் விடை கூறும் ஆவணங்கள் ஓரிரு வாரங்களில் உருவாவன அல்ல.

புட்டேனஹள்ளி ஏரி காட்டும் வழி

நம் நகரிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்திலுள்ள புட்டேனஹள்ளி ஏரி ஒரு காலத்தில் வற்றி, குப்பையும் கழிவுநீரும் சேரும் இடமாகச் சீரழிந்திருந்தது. அதனைக் காக்க முனைந்த அப்பகுதி மக்கள் 2010ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தனர். 2011ஆம் ஆண்டில் ஏரியைப் பராமரிப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை அன்றைய பெங்களூரு பெருநகர மாநகராட்சியுடன் அவ்வறக்கட்டளை செய்துகொண்டது. பொதுமக்களின் நன்கொடையையும் நிறுவனங்களின் உதவியையும் கொண்டு பராமரிப்புப் பணி நடைபெற்றது.

இங்கு நாம் கற்க வேண்டியது பணிகளின் வரிசையை. ஏரி அரசின் சொத்து. அதில் பணி செய்ய உங்களுக்கு அனுமதி அளித்தவர் யார் என்று நிதி வழங்குவோர் கேட்பது இயல்பு. பதிவுச் சான்றும் எழுத்துவழி ஒப்பந்தமும் கையில் இருந்தமையால் அவர்களால் விடை கூற முடிந்தது. பூங்கா, பள்ளி வளாகம், நூலகம் என எப்பொது இடத்தில் பணியாற்ற விழைந்தாலும், உரிய அலுவலகத்தின் எழுத்துவழி அனுமதியை முன்னதாகவே பெறுதல் வேண்டும்.

சட்ட வடிவம்

கருநாடகத்தில் இருவகை அமைப்புகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, 1960ஆம் ஆண்டின் கருநாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகும் சங்கம். இதற்கு 18 வயது நிறைந்த எழுவரேனும் உறுப்பினராதல் வேண்டும். மற்றொன்று, துணைப் பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்து நிறுவப்படும் அறக்கட்டளை. முன்னதில் உறுப்பினர்கள் செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பர். பின்னதில் அறங்காவலர்களே நிருவகிப்பர். எவ்வகையாயினும், செய்யவிருக்கும் பணி அமைப்பின் நோக்கங்களுள் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கல்விப் பணிக்கென நிதி கேட்கும் சங்கத்தின் விதிகளில் விழாக்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, வருமான வரித் துறையிடம் பெறும் பதிவுகள். 12ஏ என்று வழங்குவது அமைப்பின் வருமானத்திற்கான வரிவிலக்கைச் சார்ந்தது. 80ஜி என்று வழங்குவது நன்கொடையாளர் பெறும் வரிச்சலுகையைச் சார்ந்தது. இரண்டும் காலவரம்பு உடையவை. உரிய காலத்தில் புதுப்பிக்க மறந்த அமைப்புகள் கைக்கெட்டிய உதவியை இழக்க நேரிடும்.

வங்கிக் கணக்கு

அமைப்பின் பணம் அமைப்பின் கணக்கிலேயே இருத்தல் வேண்டும். தனிநபரின் கணக்கில் வைத்திருந்து அவர் காலமானால், வங்கி அத்தொகையை அவருடைய நியமனதாரருக்கோ சட்டப்படியான வாரிசுகளுக்கோதான் வழங்க இயலும். அது ஊர்ப் பணம் என்பதை மெய்ப்பிக்கும் சுமை அமைப்பின் தலையில் விழும்.

பதிவு பெற்ற சங்கம் தன் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். பதிவுச் சான்றிதழ், விதிமுறைகள், பான் எண், கணக்குத் தொடங்கவும் இயக்கவும் அதிகாரமளிக்கும் செயற்குழுத் தீர்மானம், கையொப்பமிடுவோரின் அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியவற்றுடன் வருதல் நலம். அறக்கட்டளையாயின் அறக்கட்டளை ஆவணமும் அறங்காவலர் விவரங்களும் தேவை. இருவர் கூட்டாகக் கையொப்பமிடும் முறையையே நாம் பரிந்துரைப்போம். பொறுப்பாளர்கள் மாறும்போது புதிய தீர்மானத்தை உடனே வங்கியில் அளித்தல் வேண்டும்.

எவரிடம் கேட்பது?

முதலாவது, பெருநிறுவனங்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டையேனும் சமூகப் பணிகளுக்குச் செலவிடுதல் வேண்டும். இதுவே சி.எஸ்.ஆர். நிதி. தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை அளிக்க வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே தம் பகுதியிலுள்ள நிறுவனத்தை முதலில் அணுகுதல் பொருத்தம். இந்நிதியைப் பெற்றுப் பணியாற்றும் அமைப்புகள் 2021 ஏப்ரல் 1 முதல் பெருநிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் வழியே பதிவு எண் பெறுதல் கட்டாயம். நிறுவனங்களோ அரசோ நிறுவாத அமைப்பாயின், ஒத்த பணிகளில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். எனவே, புதிய அமைப்புகள் உள்ளூர் நன்கொடைகளைக் கொண்டு தொடங்கி, முதல் மூன்றாண்டுக் கணக்கைத் தணிக்கையுடன் பேணுவதே முறை.

இரண்டாவது, அரசு மானியங்கள். மத்திய அரசின் மானியம் நாடும் தொண்டு அமைப்புகள் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிந்து அடையாள எண் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, தனியார் நல்கை அமைப்புகள். சான்றாக, 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று பெங்களூருவில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், கலை சார்ந்த ஆய்விற்கும் பணிகளுக்கும் நல்கை வழங்கி வருகிறது. இந்நகரின் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பெயராகக் கொண்ட ‘புராஜெக்ட் 560’ என்னும் அதன் திட்டம் பெங்களூருவைப் பற்றிய பணிகளுக்கு உரியது. இந்திய மொழி எதிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அயல்நாட்டு உறவினரின் நன்கொடை குறித்து ஓர் எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமை உடையவர் அயல்நாட்டில் வாழ்ந்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அளிப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவருடைய கடவுச்சீட்டின் நகலைப் பெற்று வைத்தல் நலம். அவர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றிருப்பின், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி ஒரு ரூபாயும் பெறலாகாது.

விண்ணப்பமும் மதிப்பீடும்

விண்ணப்பம் சுருக்கமாகவும் எண்ணிக்கையோடும் அமைதல் வேண்டும். 40 மாணவர்க்குப் பத்து மாத மாலை வகுப்பு நடத்துவதாகக் கொள்வோம். ஆசிரியர் இருவர்க்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் 1,20,000. அறை வாடகை மாதம் 4,000 வீதம் 40,000. ஏடுகளும் நூல்களும் மாணவர்க்கு 500 வீதம் 20,000. தணிக்கைக் கட்டணம் 10,000. ஆக மொத்தம் 1,90,000 ரூபாய். ஒரு மாணவர்க்கு ஆகும் செலவு 4,750 ரூபாய். இதில் வாடகைத் தொகையைப் பகுதி மக்கள் ஏற்பின், கோர வேண்டியது 1,50,000 ரூபாய் மட்டுமே. தம் பங்கை முதலில் எழுதிய பின் பிறர் பங்கைக் கேட்கும் விண்ணப்பத்திற்கு மதிப்பு மிகுதி. தணிக்கைச் செலவைச் சேர்க்க மறத்தல் பலரிடமும் நாம் காணும் பிழை.

பெற்ற பின்னர்

தொகை வரவானதும், அதற்கெனத் தனிப் பதிவேடு தொடங்குக. ஒவ்வொரு செலவிற்கும் ரசீது பெறுக. இயன்றவரை காசோலை அல்லது மின்னணு வழியிலேயே வழங்குக. ஒரு பணிக்கெனப் பெற்றதை, நன்னோக்கமாயினும், வேறொன்றிற்குச் செலவிடுதல் கூடாது. மாற்றம் தேவைப்படின் எழுத்துவழி இசைவைப் பெறுக. மத்திய அரசு மானியங்களுக்கு, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். இச்சான்றிதழே அடுத்த விண்ணப்பத்தின் முதற்பக்கம் எனலாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட செயலாளர் பின்னர் எழுவர் கையொப்பமிட்ட தீர்மானத்துடனும் பதிவுச் சான்றுடனும் மீண்டும் நம் கிளைக்கு வந்தார். இன்று அவ்வகுப்புகளுக்கான கணக்கு சங்கத்தின் பெயரில் உள்ளது. செயலாளரும் பொருளாளரும் கூட்டாகக் கையொப்பமிடுகின்றனர். தங்கள் பகுதிச் சங்கத்தின் பணம் எவர் பெயரில் உள்ளது என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேட்டறியுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம்.