மிலான் ஹோட்டலில் இத்தாலியச் சாப்பாடு: எந்த வழி யாருக்கு?

மிலானின் சிறிய பூட்டிக் ஹோட்டல்கள் பலவற்றில், அறை எடுக்காதவர்களும் மேசை பதிவு செய்து சாப்பிடலாம். எந்த ஹோட்டல் என்பதைவிட, அங்கே எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதுதான் பில்லையும் திருப்தியையும் தீர்மானிக்கும். வழிகள் நான்கு.

டேஸ்டிங் மெனு: செஃப் வகுத்த வரிசையில் சின்னச் சின்னத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். இரண்டரை மணி நேரமாவது ஆகும். மேசையில் இருக்கும் எல்லோரும் இதையே வாங்க வேண்டும் என்று பல இடங்கள் சொல்கின்றன. செஃபின் கைவண்ணத்துக்காகவே போகும் இருவருக்கு இது ஏற்றது. குழந்தைகளோடு போனால் வேண்டாம்.

ஆலாகார்ட்: ஆன்டிபாஸ்டோ (தொடக்கத் தட்டு), ப்ரீமோ, செகோந்தோ, தோல்சே (இனிப்பு) என்று மெனு நீண்டாலும் நான்கையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பாஸ்தாவும் ரிசோட்டோவும் ப்ரீமோ. மீனும் இறைச்சியும் செகோந்தோ. செகோந்தோவுக்குத் துணையான காய்கறிக்குப் பெரும்பாலும் தனி விலை. மிலானின் குங்குமப்பூ ரிசோட்டோவும் கன்றின் கால்கறியான ஓஸோபூக்கோவும் ஒரே தட்டில் கிடைத்தால் அதுவே முழுச் சாப்பாடு. ரிசோட்டோவை அப்போதுதான் கிளறுவார்கள். இருபது நிமிடம் பொறுக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு: அதே சமையலறைதான், ஆனால் மெனு குறுகியது. அலுவலகக்காரர்களுக்கென்று செட் மெனு போடும் இடங்களில் இரவைவிடக் கணிசமாக மலிவு.

அபெரிட்டீவோ: மாலை ஆறு மணிக்கு மேல் ஹோட்டல் பாரில் காம்பாரி என்ற கசப்பு மது கலந்த ஒரு பானம், கூடவே ஆலிவ், சிப்ஸ், சில சமயம் சின்னப் பலகாரங்கள். மது வேண்டாதவர்கள் க்ரோதினோ என்ற மதுவில்லாத பானம் கேட்கலாம். வயிறு நிறையாது, ஆனால் அந்த இடத்தின் அழகைக் குறைந்த செலவில் அனுபவிக்கலாம்.

சைவர்கள் கவனிக்க: மிலான் ரிசோட்டோவைச் சம்பிரதாயமாக எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேர்த்தே செய்வார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அதனால் இறைச்சி இல்லாத பாஸ்தாவிலும் மேலே தூவும் இந்தச் சீஸ் சைவமாகாது. மேசை பதிவு செய்யும்போதே சைவர் என்று சொல்லிவிட்டால் சமையலறைக்கு மாற்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்குச் சில யூரோ இருந்தால் பதற வேண்டாம். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான வழக்கமான கட்டணம் அது. டிப்ஸ் கட்டாயமில்லை. ஆகஸ்ட் நடுவில் ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் டிராட்டோரியா என்ற எளிய உணவகங்கள் பல பூட்டியிருக்கும். அப்போது ஹோட்டல் ரெஸ்டாரன்ட்தான் கைகொடுக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு மதியச் சாப்பாடு. சைவர்களுக்கும் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் ஆலாகார்ட். கையில் காசு குறைவென்றால் அபெரிட்டீவோவை ஹோட்டலிலும் இரவுச் சாப்பாட்டை டிராட்டோரியாவிலும் வைத்துக்கொள்ளுங்கள். டேஸ்டிங் மெனுவை, அந்தச் சமையல் பிடித்துப்போய் இரண்டாம் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.