கல்லீரலைக் காக்கும் பன்னிரண்டு வாரங்கள்: ஹெப்பாடைடிஸ் சி சிகிச்சையைத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் இப்பழமொழியை எத்தனையோ கட்டுரைகளின் தொடக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். அதன் பொருளை உணர்ந்தது, என் பெரியப்பாவின் மருத்துவக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய நிலை வந்தபோதுதான்.

பெரியப்பா கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1987ஆம் ஆண்டு டிராக்டர் கவிழ்ந்த விபத்தில் காலில் பலத்த அடிபட்டு, இரத்தம் ஏற்றிக்கொண்டார். 2009இல் கோயில் மண்டபத்தில் நடந்த இரத்த தான முகாமில் இரத்தம் கொடுத்தார். சில வாரங்களில் ஒரு கடிதம் வந்தது. அவருக்கு ஹெப்பாடைடிஸ் சி என்றார்கள். அன்று முதல் எங்கள் பெரியம்மா அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, அடியில் சிவப்புச் சாயம் பூசி வைத்தார். பத்து ஆண்டுகள் அந்த டம்ளரில்தான் அவர் காப்பி குடித்தார். அது தேவையே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அறியாமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நோயும் அதன் தன்மையும்

ஹெப்பாடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமியால் வரும் நோயாகும். இக்கிருமி 1989ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிருமியே கண்டுபிடிக்கப்படாத 1987இல், ஏற்றப்படும் இரத்தத்தில் அது உள்ளதா என்று சோதிக்க வழியில்லை. பெரியப்பாவுக்கு நோய் அந்த இரத்தத்தின் வழியாக வந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து.

இக்கிருமி இரத்தத்தின் மூலம் பரவுகிறது. ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டுக்கொள்வது இன்று முதன்மையான வழியாகும். சுத்தம் செய்யாத ஊசியால் பச்சை குத்துவது, சவரக் கத்தியைப் பகிர்ந்துகொள்வது போன்றவற்றாலும் பரவலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரலாம். ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது பரவுவதில்லை. தாய்ப்பாலாலும் பரவுவதில்லை.

கிருமி தொற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதங்களுக்குள் அது தானாகவே நீங்கிவிடும். மற்றவர்களுக்கு அது உடலில் நிலைத்துவிடுகிறது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கல்லீரல் மட்டும் மெல்ல மெல்ல வடுப்பட்டு இறுகுகிறது. இருபது ஆண்டுகளில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இது கல்லீரல் சுருக்க நோயாக முற்றக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் பின் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. சம்சுவும் பீரும் சேர்ந்தால் இந்த வேகம் இன்னும் கூடும்.

நம் தோட்டங்களில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதான். மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லிதான். பெரியப்பாவும் பல மாதங்கள் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். ஆனால், கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கீழாநெல்லி ஹெப்பாடைடிஸ் சி கிருமியை அழிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு

2009இல் பெரியப்பாவுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை இண்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் ஆகும். வாரம் ஓர் ஊசி. கிருமியின் வகைக்கேற்ப 24 அல்லது 48 வாரங்கள். காய்ச்சல், உடல்வலி, இரத்தசோகை, மனச்சோர்வு எனப் பக்க விளைவுகளும் அதிகம். அவ்வளவு பட்டும் பலருக்கு நோய் குணமாகவில்லை. இதைக் கேட்ட பெரியப்பா, "வேலைக்குப் போகாம ஒரு வருசம் யாரு சோறு போடுவா?" என்று சொல்லிவிட்டு வந்தவர், மருத்துவமனைப் பக்கமே போகவில்லை.

2013 டிசம்பரில் சொஃபோஸ்புவிர் எனும் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிருமியை நேரடியாகத் தாக்கும் இவ்வகை மருந்துகளால் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிந்தது. ஆனால் அங்கு அதன் விலையோ 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! ஏழை நாடுகளுக்கெனத் தயாரிப்பு நிறுவனம் அளித்த மலிவு விலைத் திட்டத்தில், நடுத்தர வருமான நாடான மலேசியா தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை.

இந்நிலையில்தான் நம் நாடு ஒரு துணிவான முடிவை எடுத்தது. 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பயன்படுத்தி, பொதுநலன் கருதி, காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே மலிவான சொஃபோஸ்புவிரை அரசாங்க மருத்துவமனைகளுக்குப் பெற 2017 செப்டம்பரில் வழிசெய்தது. ஹெப்பாடைடிஸ் சி மருந்துக்காக இவ்வாறு செய்த முதல் நாடு மலேசியாவே. அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் என்பது நம் சமுதாயம் நினைவில் கொள்ளத்தக்கது. முன்பு 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் நம் நாடு இதே வழியைக் கையாண்டது.

இதோடு, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 2016 முதல் ஒரு மருத்துவ ஆய்வும் நடைபெற்றது. எகிப்தின் ஃபார்கோ நிறுவனம் தயாரித்த ராவிடாஸ்விர் மருந்தைச் சொஃபோஸ்புவிருடன் சேர்த்து 301 நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அவர்களில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் குடல், கல்லீரல் நோய்த் துறையின் தலைவராக இருந்த டாக்டர் முகமட் ராட்ஸி அபு ஹசான் இம்முயற்சியில் முக்கியப் பங்காற்றினார். 2023இல் அவர் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநரானார். ராவிடாஸ்விர் 2021 ஜூனில் மலேசியாவில் பதிவு பெற்றது. உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு சிகிச்சைக்கு நம் கெடா மாநிலமும் துணைநின்றது என்றால் அது மிகையாகாது.

சிகிச்சையைத் தொடங்கும் முன்

அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை 2018இல் தொடங்கியது. அச்செய்தி எங்கள் காதுக்கு எட்டியதும், பெரியப்பாவைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். 2019 ஜனவரியில் சிகிச்சை தொடங்கியது. அப்போது நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ மாணவி. மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலையானது. அன்று நாங்கள் கண்ட படிகளை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தும் இதைச் செய்யலாம். முடிவு 'ரெயாக்திஃப்' என்று வந்தால், கிருமி எப்போதோ உடலில் நுழைந்தது என்றுதான் பொருள். இப்போதும் இருக்கிறதா என்பது இதில் தெரியாது.

இரண்டாவது, கிருமியின் அளவைக் காணும் சோதனை. இதில் கிருமி இருப்பது உறுதியானால்தான் சிகிச்சை தேவைப்படும்.

மூன்றாவது, கல்லீரலின் நிலையை அறிவது. இரத்தச் சோதனைக் கணக்கு, ஸ்கேன், ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றால் வடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். சிகிச்சையின் கால அளவு இதைப் பொறுத்தது. பெரியப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆகவே 12 வாரத்துக்குப் பதில் 24 வாரம் என்றார்கள். இழந்த பத்து ஆண்டுகளின் விலையை அன்று உணர்ந்தோம்.

நான்காவது, ஹெப்பாடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிறுநீரகச் சோதனைகள். பி கிருமியும் இருந்தால், சி கிருமி அடங்கும் வேளையில் அது தலைதூக்கக்கூடும்.

ஐந்தாவது, உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியல். இதுவே மிக முக்கியம். இதயத் துடிப்புக்கான அமியோடரோனைச் சொஃபோஸ்புவிருடன் சாப்பிட்டால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமஸெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இம்மருந்தின் பலனைக் குறைத்துவிடும். நாட்டு மருந்து, சஞ்சிக்கடை மருந்து, கீழாநெல்லி எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில்

பெரியப்பாவுக்குக் கொடுத்தவை சொஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் ஆகிய இரண்டு மாத்திரைகள். நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில். அவர் காலைப் பசியாறலுக்குப் பின் போட்டுக்கொண்டார். சில நாள் தலைவலியும் அசதியும் இருந்தன. வேலையை விடும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு வேளை மறந்தால், அன்றே நினைவு வந்தவுடன் போடலாம். மறுநாள் இரண்டு மடங்காகப் போடக் கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. நீரிழிவு நோயாளிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிருமி குறையும்போது சர்க்கரை அளவும் குறையலாம். இன்சுலின் போடுபவர்கள் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

குடிப்பழக்கமோ போதை ஊசிப் பழக்கமோ இருந்தவர்கள், "என்னைத் திட்டுவார்கள்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்பழக்கம் உள்ளவர்களுக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் எப்படி வந்தது என்ற விசாரணையை நாம் நடத்த வேண்டியதில்லை.

குணமான பின்

மாத்திரை முடிந்தவுடன் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. மேலும் 12 வாரம் கழித்துக் கிருமியின் அளவை மீண்டும் சோதிப்பார்கள். அப்போதும் இல்லையென்றால்தான் குணம். 2019 செப்டம்பரில் பெரியப்பா தாளை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு கண்ணு," என்றார். 'தீடாக் டிகெசான்' என்றிருந்தது. "கிருமி தென்படலைன்னு போட்டிருக்கு பெரியப்பா," என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கு மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் சோதனை, குணமானவர்களுக்கும் பெரும்பாலும் 'ரெயாக்திஃப்' என்றே காட்டும். நோய் திரும்பிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. எனினும் கிருமி மீண்டும் தொற்ற வாய்ப்பு உண்டு. இதற்குத் தடுப்பூசி இல்லை. நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெப்பாடைடிஸ் தடுப்பூசி பி வகைக்கானது மட்டுமே. மூன்றாவதாக, கல்லீரல் சுருக்கம் வந்தவர்கள் குணமான பின்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரியப்பா இன்றும் போகிறார்.

முடிவாக

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்து முடிகிறது. மருந்து வந்துவிட்டது, மருத்துவர்களும் இருக்கிறார்கள். எஞ்சியிருப்பது நாம்தான். பல்கலைக்கழகம் வரை வந்த நாம், விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு கேள்வி கேட்போம்: 1990களுக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர், பச்சை குத்திக்கொண்டவர், ஊசிப் பழக்கம் இருந்தவர் நம் குடும்பத்தில் உண்டா? இருந்தால், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கு அவரோடு நாமும் போவோம். கடிதத்தை நாம் படித்துச் சொல்வோம்.

அந்தச் சிவப்பு டம்ளரைப் பெரியம்மா தூக்கிப் போடவில்லை. சாயத்தைச் சுரண்டிவிட்டு மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்துவிட்டார். இப்போது எது பெரியப்பாவின் டம்ளர் என்று எங்களுக்கே தெரியாது.