தெருவில் படம் பிடிக்கப் பழகுதல்

நல்ல போட்டோவுக்காக ஊர் ஊராய் அலைய வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பிரிக்பீல்ட்ஸில் ஒரே ஒரு தெருமுனை போதும்.

துன் சம்பந்தன் சாலையின் ஐந்தடியில், ஒரே தூணருகே தினந்தோறும் அரை மணி நேரம் நின்று பழகுங்கள். (கடைக்கு வருவோருக்கு வழிவிட்டு நிற்பது நலம்!) வெயில் எப்போது எந்தத் தூணைத் தாண்டி உள்ளே வருகிறதென்பது பத்து நாளில் பிடிபட்டுவிடும். உச்சிவெயிலில் கண்குழி கறுத்து விழும். மாலை 5 மணிக்கு மேல் சாய்ந்த வெயிலே உகந்தது.

லென்ஸும் ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் (1908-2004) பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே கையாண்டார். பிலிம் காமிராவில் 35 மி.மீ. லென்ஸ் மாட்டி, துவாரத்தை 8 என்றும் தூரத்தை 3 மீட்டர் என்றும் வைத்துவிட்டால், சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை துலக்கமாக விழும். ஆளைக் கண்டபின் எதையும் திருக வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். 1951ல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் இவ்வூரில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலுடன் நடப்போரைப் படமெடுத்தால் பாராட்டு கிடைக்கும். ஆனால் மற்றவர்கள் காமிராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இவர்களால் இயலாது. ஆகவே அருகில் சென்று, பெயர் சொல்லி, கேட்ட பிறகே எடுக்க வேண்டும். கேட்டால் இயல்பு கெடுமே என்பர். கெடட்டும்! தினமும் அங்கேயே நிற்பவரின் குரல் அவர்களுக்குப் பழகிவிடும். பிறகு இயல்பும் தானே திரும்பும். வேண்டாமென்றால் விலகிவிடுங்கள். மோனோரயிலுக்கு ஓடுவோர் இன்னும் நூறு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்.