ஓசையின்றி வளரும் கட்டி

சிறுநீரகங்கள் உடலின் ஆழத்தில், முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ளன. அங்கு ஒரு கட்டி வளர்ந்தால் நெடுநாள் வரை வலிக்காது, கைக்கும் தட்டுப்படாது. ஆகவே, வேறு காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது தற்செயலாகத் தெரிய வருகிறது. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் கலந்து வரும். இரண்டு நாளில் அது நின்றுவிட்டால், ‘உடற்சூடுதான்’ என்று இளநீரைக் குடித்துவிட்டு மறந்துவிடுவோரும் உண்டு. இரத்தம் நின்றாலும் கட்டி வளர்வது நிற்பதில்லை. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இந்நோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன.

இதற்கு முதன்மையான மருத்துவம் அறுவைச் சிகிச்சையே. ஆனால், ஒரு சிறுநீரகத்தை அகற்றினால் மனிதர் பிழைப்பாரா? 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களை இக்கேள்வி அச்சுறுத்தியது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய குஸ்தவ் சைமன், முதலில் நாய்களிடம் இதனைச் சோதித்துப் பார்த்தார். பின்னர், 1869ஆம் ஆண்டில், சிறுநீர்க்குழாய் பழுதுபட்டு அவதியுற்ற ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அப்பெண்ணுக்கு இருந்தது புற்றுநோய் அன்று. ஆயினும், எஞ்சிய ஒன்றே உடலுக்குப் போதும் என்பது அவர் உயிர் பிழைத்ததால் உறுதியானது. இன்றோ, கட்டி சிறியதாக இருந்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதில்லை. கட்டியை மட்டும் நீக்கி, மற்றப் பகுதியைக் காப்பாற்ற முயல்கின்றனர்.

புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது. பல புற்றுநோய்களுக்குக் கைகொடுக்கும் கீமோதெரபியும் இந்நோயில் பெரும்பாலும் பயன் தருவதில்லை. மாற்று வழி, அரிய பரம்பரை நோய் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அந்நோய் உள்ளவர்களுக்கு ‘விஎச்எல்’ என்னும் மரபணு பழுதுபட்டிருக்கும். சிறுநீரகப் புற்றுநோயும் எளிதில் வரும். அம்மரபணு பழுதானால், போதிய உயிர்வளி இருந்தும் உயிரணு மூச்சுத் திணறுவதுபோல் நடந்துகொள்கிறது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. அவற்றின் வழியே கட்டிக்கு உணவு கிடைக்கிறது. பரம்பரை நோய் இல்லாதவர்களின் கட்டிகளிலும் இதே பழுது பரவலாகக் காணப்பட்டது. இதனை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் கேலின், 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

அந்த இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மாத்திரைகள் இப்பொழுது உள்ளன. உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்துகளும் ஊசி வழியே செலுத்தப்படுகின்றன. பரவிய நோயை இவை எல்லாருக்கும் முற்றாகக் குணப்படுத்துவதில்லை. எனினும், பலரின் வாழ்நாளை நீட்டித்துள்ளன.