கிசான் பணத்துக்கு மூன்று பூட்டு

வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஓசூர் பக்கம் ராகியும் அவரையும் போடுகிறேன். எங்கள் கூட்டங்களில் பஞ்சகவ்யா பற்றி ஒருத்தர் கேட்டால், "சார், கிசான் பணம் வரலையே" என்று நாலு பேர் கேட்கிறார்கள். இந்த முறை அதுவே பாடம்.

யூரியா மானியம் உரக் கம்பெனிக்குப் போகிறது. யூரியா வாங்காத நமக்கு அதில் காலணா இல்லை. பி.எம். கிசான் பணமோ நேராக நம் கணக்கில் விழுவது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. களையெடுப்புக் கூலிக்காவது ஆகும். அதற்கு மூன்று பூட்டு உண்டு.

முதல் பூட்டு, நிலம். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு உண்டு. அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, இ-கேஒய்சி. மண்ணில் உழைத்து ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு இயந்திரத்தில் விரல் பதியாது. 2023 முதல் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம்.

மூன்றாவது, வங்கி. நம் பகுதியில் அதிகம் சிக்குவது இதில்தான். ஆதார் வழியாக வரும் பணம், பாஸ்புக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து வராது. கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்கென ஆதாரை இணைத்தீர்களோ, அங்கேதான் போகும். ஒருவர் பொம்மசந்திரா கம்பெனியில் ஆறு மாதம் வேலை பார்க்கிறார். சம்பளக் கணக்கு திறக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதோடு இணைப்பு அங்கே மாறிவிடலாம். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் தவணை அங்கேயே விழும். இவர் தேன்கனிக்கோட்டைக் கிளையில் வரிசையில் நின்று "வரலை" என்பார். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். இ-சேவை மையத்திலும் கேட்டுப் பாருங்க.

தரகரிடம் மட்டும் ஆதாரையும் ஓடிபியையும் கொடுக்காதீங்க. 2020ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. பணம் வாங்கியவர்களிடம் திரும்ப வசூலித்தார்கள். வருமான வரி கட்டுபவர்களுக்கும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் இத்திட்டம் இல்லை. எனக்கும் கிடையாது, அது சரிதான்.

சரியில்லாதது ஒன்று உண்டு. நம் பக்கம் பெங்களூர்க்காரர்கள் வாங்கிப் போட்ட நிலத்தில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். மூன்று பூட்டையும் திறக்க அவர்களிடம் சாவியே இல்லை. பணம் பட்டாவைப் பார்த்து வருகிறதே தவிர ஏரைப் பார்த்து வருவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில், 2019ல் வந்த ரைத்து பரோசா குத்தகை உழவர்களில் ஒரு பகுதியினரையும் சேர்த்துக்கொண்டது. அதனால், முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பயிர்க் காப்பீட்டில் இங்கேயும் குத்தகைதாரர் சேரலாம், வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி அதையாவது விடாமல் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் கொண்டு வாங்க. பக்கத்து நிலத்துக் குத்தகைக்காரரையும் அழைத்து வாங்க. அவர் பெயரும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்ந்து எழுதுவோம்.