யூனிக் விசிட்டர் கணக்கு: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

1. திரையில் 'யூனிக் விசிட்டர்' என்று நிற்பது பெரும்பாலும் குக்கிகளின் எண்ணிக்கைதான். காலையில் போனில், மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில், இரவு ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் உங்கள் தளத்தைப் படிக்கும் ஒருவர் மூன்று பேராகப் பதிவாவார். வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பாவும் மகளும் மாறி மாறிப் படித்தால் ஒரே ஆள். கூடுவதும் குறைவதும் சரிக்குச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. தினசரி எண்களைக் கூட்டி மாதக் கணக்கு சொல்லாதீர்கள். நாள் தவறாமல் வரும் வாசகர் ஒருவரே 30 பேராகிவிடுவார். மாதக் கணக்கை மாதத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும். புதியவர்களின் அறிக்கை வந்தால் நான் முதலில் தேடுவது இந்தக் கூட்டல் தவறைத்தான்.

3. சஃபாரியில் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிக்கு 2019 முதல் அது தரும் ஆயுள் 7 நாள்தான். கூகுள் அனலிடிக்ஸ் 2 ஆண்டு கேட்டாலும் கிடைக்காது. 10 நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஐபோன் வாசகர் ஒவ்வொரு முறையும் புது ஆள். ஆகவே, 'புதிய வாசகர்கள் குவிகிறார்கள்' என்று விளம்பரப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பும் முன் பிரவுசர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சஃபாரியில் மட்டும் எகிறியிருந்தால் கொண்டாட ஒன்றுமில்லை.

4. ஐ.பி. முகவரியை வைத்து எண்ணலாமே என்பார்கள். மொபைல் நெட்வொர்க்கில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐ.பி. முகவரியில் வருவது சகஜம். அதே போன் வைஃபைக்கு மாறினால் முகவரியும் மாறும். வேண்டாம்.

5. சர்வர் லாக் பெரிய எண் காட்டும், அனலிடிக்ஸ் சின்ன எண் காட்டும். முன்னதில் கூகுள்பாட் மாதிரி பாட்களும் கலந்திருக்கும். பின்னதில் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் விடுபட்டிருப்பார்கள். (முதலாளிக்கு எந்த எண் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.)

6. லாகின் செய்து படிப்பவர்கள் இருந்தால் யூசர் ஐடி அனுப்புங்கள். போனும் கம்ப்யூட்டரும் ஒரே ஆளாகச் சேரும். மின்னஞ்சலையோ போன் நம்பரையோ ஐடியாக அனுப்பக் கூடாது. கூகுளின் விதியே தடுக்கிறது.

7. 2023 ஜூலையில் கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் சாதாரணக் கணக்குகளுக்கு நின்றது. அது முதன்மையாகக் காட்டியது மொத்தப் பயனர்களை. அதன் இடத்துக்கு வந்த ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸ் 4) காட்டுவது ஆக்டிவ் யூசர்களை. இரண்டையும் ஒரே கோடாக வரைந்து வளர்ச்சி, வீழ்ச்சி பேசாதீர்கள். எந்தக் கருவி, எந்தத் தேதி முதல் எதுவரை என்பதை எண்ணுக்குக் கீழேயே எழுதிவிட்டு அனுப்புங்கள்.