ஓமந்தைத் தண்டவாளமும் வல்லரசுகளின் கணக்கும்

ஓமந்தையில் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவிக்கு,

ஓமந்தையில் ஏ-9 வீதியும் வடக்குப் புகையிரதப் பாதையும் அருகருகே செல்கின்றன. போருக்குப் பின் வடக்கில் அவ்வீதி சீனக் கடனுதவியுடன் சீன நிறுவனங்களால் புனரமைக்கப்பட்டது. ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளம் இந்தியக் கடனுதவியுடன் இந்திய அரசின் இர்கோன் நிறுவனத்தால் மீள அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் சென்றது. தெற்கே மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கி.மீ. பாதையும் 91.27 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய உதவியில் புதுப்பிக்கப்பட, 2025 ஏப்ரலில் பிரதமர் நரேந்திர மோடி அநுராதபுரத்துக்கே வந்து அதன் திறப்பில் கலந்துகொண்டார். ஒரு புகையிரதப் பாதைக்கு அயல்நாட்டுப் பிரதமர் ஏன் வர வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே வெளிநாட்டுக் கொள்கை என்னும் பாடத்தைத் தொடங்கலாம்.

பல்துருவ உலகு என்பது, 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் நிலவிய அமெரிக்கத் தனி மேலாண்மை தளர்ந்து, சீனா, இந்தியா, ரஷ்யா முதலான பல அதிகார மையங்கள் ஒரே காலத்தில் செயற்படும் நிலையாகும். மூலோபாயம் என்பது ஓர் அரசு தன் நீண்டகால நலன்களை வரையறுத்து, பணம், படை, வணிகம், இராசதந்திரம் ஆகியவற்றை அவற்றுக்காக ஒழுங்குபடுத்தும் திட்டமாகும். இவ்வரையறைகளைப் பாடநூல்கள் நன்றாகவே தருகின்றன. ஆனால் பெரும்பாலான தருணங்களில் வல்லரசு ஓரிடத்தைத் தனதாக்குவதைவிட, அவ்விடம் மற்றொரு வல்லரசின் கைக்குப் போகாதிருப்பதையே பெரிதாக எண்ணுகிறது என்ற உண்மையை அவை போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை. இதனை மறுப்பு மூலோபாயம் எனலாம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் மின்திட்டம் இதற்குத் தெளிவான சான்றாகும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமையவிருந்த அத்திட்டம், கேள்விப்பத்திர முறைப்படி 2021இன் தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தமிழகக் கரைக்கு அண்மையில் சீனர் நிலைகொள்வதை இந்தியா எதிர்த்தது. அவ்வாண்டின் இறுதியில் பணி இடைநிறுத்தப்பட, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதே திட்டத்தை நிறைவேற்றும் உடன்படிக்கை கைச்சாத்தானது. சில ஆயிரம் தீவக மக்களுக்கான சூரிய ஒளியும் காற்றாலையும் அளவில் சிறியவை. கடன் கொடுக்கவும் தயங்கும் இடத்தில் ஒரு நாடு நன்கொடையே தர முன்வந்ததெனில், அங்கே விலை பேசப்பட்டது மின்சாரத்துக்கன்று.

உதவியின் வடிவத்தைக் கவனிப்பது இதனால் பயனுடையது. கடன் பல்லாண்டுத் தொடர்பை உருவாக்குகிறது. நன்கொடை விரைவாக இடம்பிடிக்கிறது. குத்தகை நிலத்தின் பயன்பாட்டையே கைமாற்றுகிறது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 1.12 பில்லியன் டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றிடம் சென்றபோது, அது கடனுக்கான பறிமுதல் என்று பலரும் எழுதினர். உண்மையில் துறைமுகக் கடன் அப்படியே தொடர்ந்தது. பெறப்பட்ட பணம் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைப் பலப்படுத்தவே உதவியது. நெருக்கடியில் இருந்த அரசு தானாகவே விற்பதற்கு ஒன்றைத் தேடியது என்பதே பொருத்தமான வாசிப்பாகும், அதுவும் ஆறுதல் தரும் வாசிப்பன்று.

சிறிய நாடு வெறும் களமாக மட்டும் இருப்பதில்லை. 1952இல் சீனாவுடன் றப்பர்-அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட இலங்கை, 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்தியது. 480 மில்லியன் டொலர் அமெரிக்க மானியமும் உள்நாட்டு எதிர்ப்பினால் ஏற்கப்படாது கிடந்து 2020 டிசெம்பரில் மீளப்பெறப்பட்டது. ஆயினும் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திய பின், அவ்வாறு மறுக்கும் வலிமை வெகுவாகக் குறைந்தது.

வன்னி மாணவர் தேர்வுக்காக 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் படிக்கையில், மாகாண சபை பற்றிய பகுதியோடு நின்றுவிடுவது வழக்கம். மறுப்பு மூலோபாயத்தை அங்கே காண, அவ்வொப்பந்தத்துடன் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் நீர் படிக்க வேண்டும்: இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடாதிருத்தல், அங்குள்ள எண்ணெய்க் குதங்களைக் கூட்டாக இயக்குதல், அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மீளாய்வு செய்தல் ஆகியவை அவற்றில் உள்ளன. எண்ணெய்க் குதங்கள் பற்றி 2022 சனவரியில் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாகிவிட்டது. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்